பீட்ரூட் துண்டும் நீளக் கயிறும்: எங்கள் பள்ளியில் நடந்த ஆறு வாரக் குடும்பத் திட்டம்

பெரியவளுக்கு 12 வயது, சின்னவனுக்கு 8. இருவருக்கும் ஒரே பள்ளி. அங்கே வெளியிலிருந்து ஒரு குழுவை வரவழைத்து, வாரத்துக்கு ஒரு மாலை என்று ஆறு வாரம், பிள்ளைகளையும் வீட்டுப் பெரியவர்களையும் சேர்த்து ஒரு திட்டம் நடத்தினார்கள். நல்ல சாப்பாடு, குடும்பமாக ஓடியாடுவது, இதுதான் விஷயம். நான், என் கணவர், அத்தை, பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஐந்து பேரும் போனோம். இரண்டாவது வாரத்திலிருந்து காய் நறுக்கும் மேசையில் உதவிக்கும் நின்றேன். இதே மாதிரி ஒன்று உங்கள் பள்ளிக்கும் வரலாம். சேரலாமா, நடத்துகிறவர்களிடம் எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று யோசிக்கிற பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். குறைகளும் சொல்லப்போவதால் குழுவின் பெயரைப் போடவில்லை. சொன்ன குறைகளில் பாதியை அவர்கள் நடுவிலேயே திருத்தியும் விட்டார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சேருங்கள். எங்கள் வீட்டில் பலன் தெரிந்தது. ஆனால் எல்லாப் பகுதியும் ஒரே தரம் இல்லை. பெரியவர்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட, பிள்ளைகளோடு ஓடிய பகுதிகள் எல்லாம் பலித்தன. பெரியவர்கள் ஓரமாக நின்றுகொண்டு பிள்ளைகளை மட்டும் மாற்றப் பார்த்த பகுதிகள் ஒன்றுகூடப் பலிக்கவில்லை.

ஒரு மாலை என்பது ஒன்றரை மணி நேரம். முதல் 45 நிமிடம் மைதானம். பிறகு கைகால் கழுவிக்கொண்டு ருசி மேசை. கடைசியில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு. இந்த வரிசையை முதலில் நான் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டாவது வாரம் மழை வந்து அதைத் திருப்பிப் போட வேண்டியதாயிற்று. சாப்பாடு முதலில், மழை விட்டதும் விளையாட்டு. அன்று பிள்ளைகள் தட்டைப் பார்க்கவே இல்லை. கண்ணெல்லாம் வாசலில்தான். இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நறுக்கி வைத்த காயில் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. மற்ற வாரங்களில் ஓடி வியர்த்துவிட்டு வந்து உட்கார்ந்த அதே பிள்ளைகள் அதே வெள்ளரிக்காயைத் தட்டுத் தட்டாகக் காலி செய்தார்கள்.

ஒருங்கிணைப்பாளரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துத் தொடக்கப் பள்ளிகளில், சாப்பாட்டுக்குப் பின்னால் இருந்த விளையாட்டு இடைவேளையைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் சாப்பிட்ட பழமும் காயும் பாதிக்கு மேல் கூடியது என்று 2015ல் அந்த ஆய்வு வெளிவந்தது. பைசா செலவில்லை, மணியடிக்கும் நேரத்தை மாற்றினால் போதும். எங்கள் பள்ளியில் இன்னும் சாப்பிட்ட பிறகுதான் விளையாட்டு. மாற்றச் சொல்லிப் பெற்றோர் சங்கத்திலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். கூடவே, உட்கார்ந்த பிறகு சாப்பிட 20 நிமிடமாவது கிடைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். வரிசையில் நிற்கும் நேரத்தையும் கைகழுவும் நேரத்தையும் சேர்த்து அரை மணி என்று கணக்குக் காட்டினால், கடைசியில் வரும் பிள்ளைக்கு ஐந்து நிமிடம்தான் மிஞ்சும். மெதுவாக மெல்ல வேண்டிய காயும் பழமும்தான் முதலில் மிச்சமாகும்.

ருசி மேசைதான் இந்தத் திட்டத்தின் உயிர். நீளமான மேசை, அதில் எட்டுப் பத்துச் சின்னத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு காயோ பழமோ, விரல் நகம் அளவுத் துண்டுகளாக. சட்டம் மூன்றே. யாரும் யாரையும் பார்த்து "ஒரு வாய் சாப்பிடு" என்று சொல்லக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் காகிதத்தில் துப்பலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். "உவ்வே" சொல்லக் கூடாது, ஆனால் எப்படி இருக்கிறதென்று சொல்லலாம்: மொறுமொறுப்பு, புளிப்பு, துவர்ப்பு, வழுவழுப்பு, எதுவானாலும். பார்ப்பது, தொடுவது, முகர்வது, நாக்கு நுனியில் வைப்பது, கடிப்பது, விழுங்குவது என்று படிப்படியாகப் போகலாம். எந்தப் படியில் வேண்டுமானாலும் நின்றுவிடலாம்.

சின்னவனுக்கும் பீட்ரூட்டுக்கும் ஆகவே ஆகாது. சாப்பாட்டில் அந்தச் சிவப்பு பட்டுவிட்டால் தட்டையே தள்ளிவிடுவான். மூன்று வருஷமாக அதை நான் வீட்டில் சமைப்பதையே விட்டிருந்தேன். முதல் வாரம் அந்தத் தட்டைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டான். இரண்டாம் வாரம் விரலால் தொட்டு, விரல் சிவந்ததை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான். மூன்றாம் வாரம் குனிந்து முகர்ந்து பார்த்தான். "அம்மா, இதுல மண்ணு வாசனை வருது" என்றான். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சாப்பிட்டுப் பாரு" என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். மேசைக்குப் பின்னால் நின்றிருந்த பெண் அவன் உயரத்துக்குக் குனிந்து, "சரியாச் சொன்னே தம்பி. மழை பெஞ்சா மண்ணுலேர்ந்து ஒரு வாசனை வருமே, அதே பொருள்தான் இதுலயும் இருக்கு. ஜியோஸ்மின்னு பேரு" என்றார்.

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவன் சொன்னது பொய்யில்லை, பிடிவாதமில்லை, அவன் மூக்குக் கண்டுபிடித்தது உண்மை என்று ஒரு பெரியவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அன்று முழுக்க அந்த வார்த்தையை அக்காவிடமும் பாட்டியிடமும் சொல்லிக்கொண்டே இருந்தான். நான்காம் வாரம் நாக்கு நுனியில் வைத்தான். ஐந்தாம் வாரம் கடித்து, இரண்டு மெல்லு மென்று, காகிதத்தில் துப்பிவிட்டு, காகிதத்தை ஒழுங்காக மடித்துக் கூடையில் போட்டான். ஆறாம் வாரம் எலுமிச்சைச் சாறு பிழிந்த மெல்லிய வில்லை ஒன்றை விழுங்கினான். "பரவால்ல" என்றான். அவ்வளவுதான். நான் கைதட்டவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, இன்னொன்று எடு என்று சொல்லவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உள்ளே என் மனசு துள்ளிய துள்ளல் எனக்குத்தான் தெரியும்.

ஒரு புது உணவு குழந்தைக்குப் பழக எட்டு முதல் பதினைந்து தடவைவரைகூட ஆகலாம். குழந்தைகளின் உணவு விருப்பம் எப்படி உருவாகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்த லீயன் பர்ச் போன்றவர்களின் வேலையிலிருந்து வந்த அறிவு இது. நான் உட்படப் பெரும்பாலான பெற்றோர் மூன்று நான்கு தடவையிலேயே "இவனுக்கு இது பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். அந்த முத்திரையைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளையும் அதையே நம்பிவிடுகிறது. இந்த மேசையில் அந்தத் தடவைகள் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போயின.

பெரியவர்களுக்கு என்று தனியாக இருந்தது ஒரே ஒரு வகுப்பு, மூன்றாம் வாரம் அரை மணி நேரம். எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் வகுத்த பொறுப்புப் பங்கீட்டை அதில் விளக்கினார்கள். என்ன சாப்பாடு, எந்த நேரம், எந்த இடம் என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்கச் சுலபம். அத்தைக்கு இது ஒத்துவரவில்லை. "தட்டுல மிச்சம் வைக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே எங்க பிள்ளைங்கள வளர்த்தோம்?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது, சாப்பாட்டை வீணாக்குவது தப்புதானே. ஒருங்கிணைப்பாளர் அதை மறுக்கவில்லை. "அம்மா, நீங்க சொல்றது சரி. முதல்லயே கம்மியா வைங்க. வேணும்னா அவங்களே கேட்டு வாங்கட்டும். வீணாகவும் ஆகாது, வயிறு நிறைஞ்சது எப்பன்னு அவங்களுக்கும் தெரியும்" என்றார். அத்தை ஏற்றுக்கொண்டார். இப்போது எங்கள் வீட்டில் அளவைக் குறைத்து வைப்பதில் என்னைவிட அவர்தான் உறுதி.

இந்த வகுப்பை ஒன்றோடு நிறுத்தியது குறை. பிள்ளைகளுக்கு ஆறு மாலை, பெரியவர்களுக்கு அரை மணி என்றால் கணக்கு சரியில்லை. வீட்டில் சாமான் வாங்குவதும் சமைப்பதும் நாங்கள்தானே.

எடைத் தராசு வைத்து நடத்திய ஒரு விளையாட்டும் நன்றாக இருந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு காயும் பழமும் சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் வயதுவாரியாகச் சொல்லியிருக்கிறது: 2 முதல் 5 வயதுவரை குறைந்தது 250 கிராம், 6 முதல் 9 வயதுவரை 350, பத்து வயதும் அதற்கு மேலும் 400. அவரவர் அளவைக் கண்ணால் குத்துமதிப்பாகக் கூடையில் எடுத்துவைத்து, பிறகு நிறுத்துப் பார்க்க வேண்டும். சின்னவன் ஒரு குவியலே எடுத்துவிட்டான். நிறுத்தால் அளவுக்கு மிக அதிகம். திருப்பி வைக்க வைக்க, கடைசியில் மிஞ்சியது ஒரு வாழைப்பழம், ஒரு கேரட், பாதி வெள்ளரிக்காய், ஒரு பிடி பீன்ஸ். "இவ்ளோதானா?" என்றான். மூன்று வேளைக்குப் பிரித்தால் அது பெரிய சுமையே இல்லை என்று எனக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. என் கணவர் தனக்கென்று எடுத்துவைத்தது 400ல் பாதிகூட இல்லை. வழக்கமாகச் சாப்பிடுகிற அளவு அதுதான் என்றார். பிள்ளைகள் இரண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நாளிலிருந்து அவர் தட்டிலும் காய் ஏறியது, யாரும் சொல்லாமலே.

சர்க்கரைக் கண்ணாடிக் கோப்பை என்று இன்னொன்று. இனிப்புப் பானப் புட்டிகளின் லேபிளைப் பிள்ளைகளே படித்து, அதிலுள்ள சர்க்கரையைக் கரண்டியால் அளந்து கோப்பையில் போட வேண்டும். ஒரு தேக்கரண்டி என்பது ஏறக்குறைய 4 கிராம். 330 மில்லி கோலா வகைப் பானம் ஒன்றில் 35 கிராம் இருந்தது, கிட்டத்தட்ட ஒன்பது கரண்டி. சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றிலுள்ள சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஒரு நாளைய ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கே அந்த 5 சதவீதம் வெறும் 25 கிராம்தான். பெரியவள் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "கெட்டது", "விஷம்" என்றெல்லாம் யாரும் பயமுறுத்தவில்லை. அளந்து பார்க்க விட்டார்கள், அவ்வளவுதான்.

அப்படி நடத்தியவர்களே கடைசி நாள் குடும்ப ஓட்டத்தில் ஓடி முடித்த பிள்ளைகள் கையில் பெட்டிப் பழச்சாறு கொடுத்தார்கள். யாரோ இலவசமாகத் தந்ததாம். பெரியவள் லேபிளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஆறு வாரம் பிள்ளைகள் மனசில் கட்டியதை ஒரே பெட்டியால் கலைப்பதா? வெட்டிய ஆரஞ்சும் தண்ணீரும் போதுமே. எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை தண்ணீர்க் குழாயும் பழத் துண்டும்தான் என்று பதில் வந்தது. நீங்கள் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆனால் இதைவிடப் பெரிய தவறு முதல் மாலையிலேயே நடந்தது. வந்ததும் வராததுமாகப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடையும் உயரமும் எடுத்தார்கள். எடுத்ததைச் சத்தமாகச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுதிக்கொண்டார். பெரியவள் வகுப்பில் அவள்தான் உயரம், உடம்பும் கொஞ்சம் பூசினாற்போல இருக்கும். எண்ணைக் கேட்டதும் பின்னாலிருந்த இரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்றாள். 12 வயதுப் பெண் மைதானத்தில் ஓடிவிட்டு வந்து பசிக்கவில்லை என்றால் தாய்க்குத் தெரியாதா. இருட்டில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு வெகுநேரம் பேசினேன். உன் உடம்பு வளர்கிற வயது இது, அதற்குச் சாப்பாடு வேண்டும், அந்த எண் உன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று. "இனிமே அங்க வரமாட்டேன்" என்றாள்.

மறுநாளே நானும் இன்னும் நான்கு பெற்றோரும் பள்ளியில் போய்ப் பேசினோம். வளரும் பிள்ளைகளின் எடையை வயது, ஆணா பெண்ணா என்பது, வளர்ச்சிக் கோடு இவற்றோடு சேர்த்து மருத்துவர் தனியறையில் பார்க்க வேண்டும். நூறு பேர் நடுவில் ஒரு எண்ணாகக் கூவுவதற்கு அது பொருளே இல்லை. உடம்பைப் பற்றிய கேலியும் பேச்சும் பிள்ளைகளை நல்ல சாப்பாட்டின் பக்கம் கொண்டுபோவதில்லை. பட்டினி கிடப்பதற்கும் ஒளித்து வைத்துச் சாப்பிடுவதற்கும்தான் தள்ளும். குழு மறுபேச்சுப் பேசவில்லை. பதிவேட்டைக் கிழித்துவிட்டார்கள், இரண்டாம் வாரம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார்கள், மறுபடி தராசு வெளியே வந்தது காய் நிறுக்க மட்டும்தான். அந்த நேர்மைக்காகவே நான் அவர்களை மதிக்கிறேன். ஆனாலும் இது நடந்திருக்கவே கூடாது. பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் எடை எடுப்பார்களா என்று கேளுங்கள். எடுப்பார்கள் என்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பெரியவளை மறுபடி வரவழைத்தது கயிறு. இரண்டாம் வாரம் மழை விட்டதும் ஈர மைதானத்தில் நீளக் கயிறு ஒன்றைப் போட்டார்கள். இரண்டு பேர் இரு முனையில் நின்று சுழற்ற, நடுவில் ஒவ்வொருவராக ஓடி வந்து குதிக்க வேண்டும். சுழற்ற ஆள் கேட்டபோது அத்தை எழுந்தார். அவருக்கு முழங்கால் வலி, ஓட முடியாது. ஆனால் கை வலு இருக்கிறது. கயிற்று முனையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, எதிரே நின்ற இன்னொரு தாத்தாவோடு தாளம் பிடித்துச் சுழற்ற ஆரம்பித்தார். கயிறு தரையில் அடிக்கும் சத்தம் பட், பட் என்று ஒரே சீராகக் கேட்டது. "வாடீ கண்ணு, பாட்டி மெதுவாத்தான் சுத்தறேன்" என்று பேத்தியைக் கூப்பிட்டார். அவள் சுவரோரமாக நின்றிருந்தாள். இரண்டு மூன்று சுற்று கயிற்றையே பார்த்தாள், உடம்பு முன்னும் பின்னும் அசைந்தது, சட்டென்று உள்ளே பாய்ந்தாள். பதினேழு குதி. யார் என்ன எடை என்று அந்தக் கயிற்றுக்குத் தெரியாது.

இதில் ஒரு பாடமும் இருக்கிறது. 5 முதல் 17 வயதுவரை பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது அது கடுமையாகவும் எலும்பையும் தசையையும் பலப்படுத்துவதாகவும் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது. 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு இது கிடைப்பதில்லை, பெண் பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். காரணம் சோம்பல் என்றே எல்லாரும் சொல்கிறோம். என் பெண்ணைப் பார்த்த பிறகு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஓடத் தோதில்லாத உடுப்பு, யாராவது பார்த்துச் சிரிப்பார்களோ என்ற கூச்சம், தலைவர்கள் ஆள் பொறுக்கும்போது கடைசியில் நிற்கும் அவமானம், இவைதான் அவளைச் சுவரோரம் நிறுத்தின. கயிற்றில் ஆள் பொறுக்குவது கிடையாது, தோற்பது கிடையாது. கால் பட்டால் ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டு மறுபடி வரிசையில் சேர்ந்துகொள்ளலாம்.

மற்ற விளையாட்டுகளில் இந்தக் கவனம் எப்போதும் இல்லை. நான்காம் வாரம் தொடரோட்டத்துக்கு இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் பொறுக்கச் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் வரும் ஒரு பிள்ளை கடைசியில் மிஞ்சினான். அவன் அப்பா வாய் திறக்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உடற்பயிற்சி ஆசிரியர்தான் குறுக்கே வந்து, பிறந்த மாதத்தை வைத்து அணி பிரித்து, ஓட்டப் பாதையைப் புல்லிலிருந்து சிமெண்டுத் தளத்துக்கு மாற்றினார். அவன் அணி இரண்டாவதாக வந்தது, அவன் கட்டத்தை அவன் வேகமாகவே முடித்தான். இதை ஒரு ஆசிரியரின் நல்ல மனசுக்கு விட்டுவைக்கக் கூடாது. திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

வேகத்தை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை என்று ஒரு வழி சொல்லித் தந்தார்கள். நடந்துகொண்டே பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் நடுத்தர வேகம். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசவே மூச்சு முட்டுகிறது என்றால் கடுமையான வேகம். அன்று மைதானத்தைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாகப் பாடிக்கொண்டே நடந்தோம், பாட்டு நிற்கும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். இன்றுவரை வீட்டில் நாங்கள் கைவிடாத விளையாட்டு இது.

புள்ளிப் பலகையைப் பற்றிச் சுருக்கமாக. கைபேசிச் செயலி ஒன்றில் அன்றன்று சாப்பிட்ட காயையும் நடந்த அடிகளையும் பதிந்தால் புள்ளி, அதிகப் புள்ளிக்குப் பரிசு. இது தேவையில்லாதது. இரவில் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளும், வீட்டில் ஒரே கைபேசி இருக்கும் பிள்ளைகளும் பலகையின் அடியிலேயே கிடந்தார்கள். ருசித்துப் பார்த்ததற்கு ஒரு ஒட்டுவில்லை கொடுப்பது சில பிள்ளைகளுக்கு உதவும், அதில் தப்பில்லை. ஆனால் "இதைச் சாப்பிட்டால் அது கிடைக்கும்" என்று பரிசு காட்டிச் சாப்பிட வைத்தால் அந்த உணவின் மேலுள்ள விருப்பம் குறையத்தான் செய்கிறது என்று பர்ச்சும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980களிலேயே காட்டிவிட்டார்கள். செயலிக்குப் பதில் வேறு கேட்டதும் காகித அட்டை ஒன்று தந்தார்கள். அதைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்தோம்.

சமையலறைச் சுத்தத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒவ்வாமை விவரத்தை முதல் நாளுக்கு முன்பே வாங்கினார்கள், ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்தார்கள். கூட வரும் தம்பி தங்கைகளுக்காகத் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டச் சொன்னார்கள். முழுத் திராட்சை சின்னக் குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அளவில்தான் இருக்கும். அந்த வேலையை நான்தான் செய்தேன். ஒரு கிண்ணம் திராட்சைக்கு இருபது நிமிடம். அலுப்பாக இல்லை.

திட்டம் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. பள்ளியில் இரண்டு விஷயம் நிலைத்திருக்கிறது. ஒன்று, தினமும் 15 நிமிட ஓட்டம். 2012ல் ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் நகரத்துத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை எலேன் வைலி ஆரம்பித்தது இந்த வழக்கம். உடுப்பு மாற்ற வேண்டாம், போட்டி இல்லை, ஓடலாம், நடக்கலாம், பேசிக்கொண்டே போகலாம். எங்கள் ஆசிரியர்களும் கூட ஓடுகிறார்கள், அதனால்தான் நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். இன்னொன்று, நடைப் பேருந்து. ஆஸ்திரேலியரான டேவிட் எங்விக்ட் 1990களில் சொன்ன யோசனை. முறை வைத்து இரண்டு பெரியவர்கள் முன்னும் பின்னும் நடக்க, பிள்ளைகள் நிறுத்தம் நிறுத்தமாகச் சேர்ந்து பள்ளிக்கு நடந்து போகிறார்கள். செவ்வாய்க்கிழமை முறை என் கணவருடையது.

வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குத் தொலைக்காட்சி கிடையாது, ஐந்து பேரும் ஒன்றாக உட்காருகிறோம். பீட்ரூட் வாரம் ஒரு முறை வருகிறது. சின்னவன் சில நாள் சாப்பிடுகிறான், சில நாள் தொடுவதில்லை, நாங்கள் கேட்பதுமில்லை. பெரியவள் பள்ளியில் கயிறு குழு ஆரம்பித்திருக்கிறாள், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு உள்ளே நுழையும் நேரம் பார்க்கக் கற்றுத்தருகிறாள்.

அடுத்த பருவத்துக்கு அதே குழுவைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எடை எடுக்கக் கூடாது, ஆள் பொறுக்கக் கூடாது, பெட்டிச் சாறு கூடாது, பெரியவர்களுக்கு மூன்று வகுப்பாவது வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்ததை ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். வேலை நேரம் ஒத்துவராதவர்களுக்குச் சனிக்கிழமைக் காலை ஒன்றும் போட்டிருக்கிறார்கள். நறுக்கும் மேசைக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். கயிறு சுழற்ற அத்தையும் கொடுத்திருக்கிறார்.